ரோஸ் பேர்ட்: வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கிய தலைமை நீதிபதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியா நீதிமன்ற வரலாற்றில் ரோஸ் பேர்ட் என்ற பெயர் வந்தாலே மரண தண்டனையும் 1986 தேர்தலும்தான் பேசப்படும், அதோடு பேச்சு முடிந்துவிடும். பத்து வருடம் ஒரு பெரிய மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவரை இரண்டு வரியில் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்து, தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் தவறியதாக நினைக்கும் இடங்களையும் மறைக்கவில்லை.

கேள்வி: சுருக்கமாக, யார் இவர்?

ரோஸ் எலிசபெத் பேர்ட், 1936 நவம்பர் 2 அன்று அரிசோனாவில் பிறந்தவர். 1977 முதல் 1987 தொடக்கம் வரை கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர்தான், முதல் பெண் தலைமை நீதிபதியும் அவர்தான். அந்த மாநிலத்தில் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து நீக்கிய முதல் தலைமை நீதிபதியும் அவரே.

கேள்வி: மாநிலத்துக்கு ஒரு உச்ச நீதிமன்றமா? நம்ம ஊர் உயர் நீதிமன்றம் மாதிரியா?

கொஞ்சம் அந்த மாதிரி, ஆனால் அதைவிட அதிகாரம் கூடுதல். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒரு அரசியல் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று கடைசியாகச் சொல்வது மாநில உச்ச நீதிமன்றம். வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்டால்தான் குறுக்கே வரமுடியும். கலிபோர்னியாவில் இதில் ஏழு நீதிபதிகள், தலைமையிடம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டால் மேல்முறையீடு நேராக இந்த ஏழு பேரிடம்தான் வரும், குற்றவாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும். ரோஸ் பேர்டின் கதைக்கு இதுதான் அடிப்படை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீதிபதிக்குத் தேர்தலா?

ஆமாம், ஆனால் இரண்டு பேர் போட்டியிடும் தேர்தல் இல்லை. கலிபோர்னியாவில் கவர்னர் ஒருவரை நியமிப்பார், மூன்று பேர் கொண்ட ஒரு ஆணையம் அதை ஏற்கவேண்டும். அப்புறம் அடுத்த கவர்னர் தேர்தலின்போது அந்த நீதிபதியின் பெயரும் வாக்குச்சீட்டில் வரும். இவர் தொடரலாமா, கூடாதா என்பது மட்டுமே கேள்வி. முழுப் பதவிக்காலம் 12 வருடம், அது முடிந்தால் மறுபடி மக்களிடம் போகவேண்டும். 1934ல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட இதில் தோற்கவில்லை, பெரும்பாலான வாக்காளர்களுக்கு அந்தப் பெயர்கள் யார் என்பதே தெரியாது.

கேள்வி: வசதியான குடும்பமா?

இல்லை. சிறுவயதிலேயே தந்தை போய்விட்டார். அம்மா ஆன், இரண்டு மகன்களோடும் இந்த மகளோடும் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். ரோஸ் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 1958ல் சிறப்பாகத் தேறினார். மேற்படிப்புக்குப் பணம் சேர்க்க அலுவலகத்தில் செயலாளர் வேலை பார்த்தார். பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அரசியல் படிக்கப் போனவர், இடையில் மாநிலச் சட்டமன்றத்தில் பயிற்சியாளராக இருந்த அனுபவத்துக்குப் பிறகு சட்டத்துக்கு மாறி 1965ல் பட்டம் வாங்கினார். அந்த அம்மாவைக் கடைசி வரை கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார். ரோஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கேள்வி: வக்கீலாக என்ன செய்தார்?

முதல் வருடம் நெவாடா மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் சட்ட உதவியாளர். அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். 1966ல் சான்டா கிளாரா கவுண்டியில் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் சேர்ந்தார். குற்றம் சாட்டப்பட்டு, வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகம் அது, அங்கேயும் முதல் பெண் வக்கீல் அவர்தான். எட்டு வருடம் அந்த வேலை, கடைசி இரண்டு வருடம் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியில் பாடமும் எடுத்தார். போலீஸ் விசாரணை எப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது, ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, நீதிபதி சொல்லும் ஒரு வாக்கியம் பிசகினால் என்ன ஆகும் என்பதெல்லாம் பிற்பாடு நீதிபதியாக அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டதற்கு இந்த எட்டு வருடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அரசியலுக்குள் எப்படி வந்தார்?

ஜெர்ரி பிரவுன் மூலமாக. பெர்க்லியில் படித்த காலத்திலிருந்தே பழக்கம். 1974ல் பிரவுன் கவர்னர் தேர்தலில் நின்றபோது ரோஸ் அவருக்காக வேலை செய்தார். ஜெயித்ததும் 1975ல் விவசாயம் மற்றும் சேவைகள் துறையின் பொறுப்பை பிரவுன் அவரிடம் கொடுத்தார். கலிபோர்னியாவில் அமைச்சர் அந்தஸ்துள்ள பதவிக்கு வந்த முதல் பெண்.

இந்த இரண்டு வருடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான வேலைகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. அமெரிக்காவில் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமையை உறுதிசெய்த 1935 சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே விட்டுவிட்டது. சீசர் சாவேஸ் தலைமையில் பல வருடம் போராட்டம், திராட்சை புறக்கணிப்பு எல்லாம் நடந்த பிறகு, 1975ல் கலிபோர்னியா ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வயலில் வேலை செய்பவர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். பண்ணை முதலாளிகள், சாவேஸின் சங்கம், போட்டிச் சங்கம் என மூன்று தரப்பையும் பேசவைத்து அதை உருவாக்கியதில் ரோஸ் பேர்டின் பங்கு பெரிது.

அதே வருடம்தான் குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை வந்தது. மெக்சிகோ தொழிலாளர்கள் அதை எல் கோர்டிட்டோ என்பார்கள், குட்டையானது என்று பொருள். அதை வைத்துக் கீரை வயலிலும் பீட்ரூட் வயலிலும் நாள் முழுக்கக் குனிந்தே களை எடுக்கவேண்டும், முப்பது வயதுக்குள் முதுகு போய்விடும். நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்கு உடனே தெரிந்துவிடும் என்பதும் அந்தக் கருவியை விடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம். 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தடைக்கு வழி திறந்தது, பிரவுன் அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரும் பண்ணைக்காரர்கள் ரோஸ் பேர்டை மறக்கவில்லை. பின்னால் அவருக்கு எதிராக வந்த பணத்தில் அவர்களுடையதும் இருந்தது.

கேள்வி: ஒரு நாள்கூட நீதிபதியாக இருக்காதவர் எப்படி நேரே தலைமை நீதிபதி ஆனார்?

சட்டப்படி தடையில்லை. ஆனால் அவ்வளவு நியாயமாகக் கேட்கப்பட்ட கேள்வி வேறு இல்லை. 1977ல் டொனால்ட் ரைட் ஓய்வு பெற்றபோது, பிரவுன் ஏற்கெனவே அங்கே இருந்த மூத்த நீதிபதிகளை விட்டுவிட்டு 40 வயது ரோஸ் பேர்டை நியமித்தார். ஆணையத்தில் பெரிய சண்டை. விவசாயத் தொழிலாளர் வாரியத்தில் அவரோடு பழகியிருந்த ரோஜர் மஹோனி என்ற கத்தோலிக்க ஆயர், இவருடைய குணம் இந்தப் பதவிக்குப் பொருந்தாது என்ற தொனியில் கடிதமே எழுதினார். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நியமனம் தப்பியது. மார்ச் 26 அன்று பதவியேற்றார்.

பிரவுன் அவரைச் சாதாரண நீதிபதியாக முதலில் உள்ளே அனுப்பியிருக்கலாம் என்பது என் கருத்து. அப்படி நடந்திருந்தால் அந்த மாளிகையின் வழக்கங்களை அவரும் கற்றிருப்பார், அவர் வேகத்துக்கு மற்றவர்களும் பழகியிருப்பார்கள்.

கேள்வி: 1978ல் என்ன நடந்தது?

பதவிக்கு வந்து ஒன்றரை வருடத்தில் முதல் வாக்கெடுப்பு. ஒரு மாநில செனட்டர் தலைமையில் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. அவர்கள் கையில் எடுத்த வழக்கு காடில்லோ. பாலியல் வன்கொடுமையே தனியாகப் 'பெரும் உடற்காயம்' ஆகுமா என்பது கேள்வி, ஆகும் என்றால் தண்டனை கூடும். அப்போதிருந்த சட்டத்தின் வாசகப்படி ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது, ரோஸ் பேர்ட் உடன்பட்டார். அந்தக் குற்றத்தின்மேல் தனக்கு இருக்கும் வெறுப்பை வைத்துச் சட்டமன்றம் எழுதிய சட்டத்தை மாற்றி எழுத முடியாது என்று தனியாக விளக்கமும் எழுதினார். அந்த விளக்கம் எத்தனை வாக்காளரைப் போய்ச் சேர்ந்திருக்கும்?

அதே செப்டம்பரில் இன்னொன்று. சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த 13வது முன்மொழிவை ஜூன் மாதம் மக்கள் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றியிருந்தார்கள். அதன்படி பழைய வீட்டுக்காரருக்கு 1975ன் மதிப்பில் வரி, பக்கத்தில் அதே மாதிரி வீட்டைப் புதிதாக வாங்குபவருக்கு வாங்கிய விலையில் வரி. நீதிமன்றம் முன்மொழிவு முழுவதும் செல்லும் என்றது. இந்த ஒரு அம்சம் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரோஸ் பேர்ட் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். தன் பெயர் வாக்குச்சீட்டில் வர ஆறு வாரம் இருக்கும்போது, மாநிலத்திலேயே அதிகம் விரும்பப்பட்ட வரிச் சலுகைக்கு எதிராக எழுதினார் என்பதைக் கவனியுங்கள். வாக்குக் கணக்குப் போடுபவர் இதைச் செய்யமாட்டார்.

சுமார் 52 சதவீத வாக்கோடு தப்பித்தார். ஆனால் தேர்தல் நாள் அன்றே ஒரு பெரிய நாளிதழில் செய்தி: துப்பாக்கியோடு குற்றம் செய்தால் கட்டாயச் சிறை என்ற சட்டத்தைப் பற்றிய டானர் வழக்கின் தீர்ப்பை, தேர்தல் முடியட்டும் என்று நீதிமன்றம் நிறுத்திவைத்திருக்கிறது என்று. இதை விசாரிக்கச் சொல்லி ரோஸ் பேர்டே கேட்டார். 1979ல் நீதிபதிகளைப் பொதுவில் உட்காரவைத்து விசாரித்தார்கள், யார்மேலும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. ஆனால் சக நீதிபதிகளுக்குள் இருந்த கசப்பு மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

கேள்வி: மரண தண்டனை விஷயம் என்ன? ஒரு வழக்கில்கூட உறுதி செய்யவில்லையாமே?

உண்மைதான். அவர்முன் வந்த மரண தண்டனை வழக்குகள் 60க்கும் மேல், அத்தனையிலும் தண்டனையை ரத்து செய்யவே வாக்களித்தார். இதற்குப் பின்னணி தெரியாமல் எந்தப் பக்கமும் பேசமுடியாது.

1972ல், அதாவது ரைட் காலத்திலேயே, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனை மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஒழித்தது. கொலை வழக்கில் பேர்போன சார்லஸ் மேன்சன் உட்பட 107 பேர் தப்பினார்கள். ரைட்டை நியமித்தவர் பழமைவாதக் கவர்னரான ரொனால்ட் ரீகன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே வருடம் மக்கள் மரண தண்டனைக்கு இடம் கொடுத்து அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 1977ல் பிரவுனின் வீட்டோவை மீறிச் சட்டமன்றம் புதிய சட்டம் போட்டது. அடுத்த வருடமே பிரிக்ஸ் என்ற செனட்டர் கொண்டுவந்த மக்கள் முன்மொழிவு அதை இன்னும் அகலமாக்கியது. அந்த இரண்டாவது சட்டம் அவசரமாக எழுதப்பட்டது, ஓட்டைகள் ஏராளம்.

ஒரே ஒரு உதாரணம். பரோல் இல்லாத ஆயுள் தண்டனையைக் கவர்னர் குறைக்கலாம் என்று ஜூரியிடம் சொல்லவேண்டும் என்றது பிரிக்ஸ் சட்டம். மரண தண்டனையையும் கவர்னர் குறைக்கலாம், ஆனால் அதைச் சொல்லவேண்டியதில்லை! கேட்கும் ஜூரிக்கு என்ன தோன்றும்? ஆயுள் கொடுத்தால் ஒருநாள் வெளியே வந்துவிடுவான், மரணம் கொடுத்தால்தான் முடியும் என்று தோன்றும். ராமோஸ் வழக்கில் கலிபோர்னியா நீதிமன்றம் இது தவறு என்றது. வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 1983ல் கூட்டாட்சிச் சட்டப்படி தவறில்லை என்று திருப்பி அனுப்பியது. 1984ல் கலிபோர்னியா நீதிமன்றம் மாநில அரசியல் சட்டத்தை வைத்து மறுபடி தவறு என்றது.

1983ல் கார்லோஸ் வழக்கு வந்தது. திருடப் போன இடத்தில் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இருந்தது என்று நிரூபித்தால்தான் மரண தண்டனை என்றார்கள். அதற்கு முன் நடந்த விசாரணைகளில் ஜூரியிடம் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை என்பதால் தண்டனைகள் வரிசையாக விழுந்தன.

இதில் எதையும் ரோஸ் பேர்ட் தனியாகச் செய்யவில்லை, ஏழு பேரில் நான்கு பேராவது சேராமல் ரத்து இல்லை. ரத்து என்றால் விடுதலையும் இல்லை, பெரும்பாலும் தண்டனைப் பகுதிக்கு மறு விசாரணைதான்.

கேள்வி: சரி, அவர் சட்டத்தைப் பார்த்தாரா, சொந்தக் கொள்கையைப் பார்த்தாரா?

நேர்மையாகச் சொன்னால், தனித்தனியாக எடுத்தால் அவருடைய காரணங்களில் பலவும் சட்டப்படி வலுவானவை. ஆனால் அத்தனைக்கும் ஒரே விடை என்றால், பார்க்கிறவருக்குச் சந்தேகம் வருவதைத் தப்பு என்று சொல்லமுடியாது. சக நீதிபதிகள் உறுதி செய்த ஒரு சில வழக்குகளிலும் அவர் மாறுபட்டார், 1981ல் ராபர்ட் ஆல்டன் ஹாரிஸ் வழக்கு அப்படி ஒன்று. விசாரணைக்கு முன்பே ஊர் முழுக்கப் பரவிய செய்திகளால் நியாயமான ஜூரி கிடைக்கவில்லை என்று அதில் எழுதினார். உயிரை எடுக்கும் தண்டனையில் சிறு பிழையும் இருக்கக்கூடாது என்ற அளவுகோலை அவர் உண்மையிலேயே நம்பினார் என்று நினைக்கிறேன். அந்த அளவுகோலை எந்த விசாரணையும் தாண்டாது என்பதுதான் சிக்கல். அதை அவர் மக்களிடம் எளிய வார்த்தையில் விளக்கியிருக்கவேண்டும், சரியாகச் செய்யவில்லை.

கேள்வி: குற்றவாளிகளுக்குச் சாதகமானவர் என்று சொல்வது சரியா?

1986ல் அவர் எழுதிய பார்ன்ஸ் தீர்ப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் எதிர்த்துப் போராடினாளா என்று கேட்பது பழைய வழக்கம். 1980ல் சட்டமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. ஆனால் இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம், போதிய எதிர்ப்பு இல்லை என்று ஒரு தண்டனையை ரத்து செய்துவிட்டது. ரோஸ் பேர்ட் அதை மாற்றித் தண்டனையை நிலைநாட்டினார். பயத்தில் உறைந்துபோய் அசையாமல் இருப்பதும் இயல்பு, அதைச் சம்மதமாக எடுக்கக்கூடாது என்று விளக்கினார். காடில்லோவில் சட்டத்தின் வாசகத்துக்குக் கட்டுப்பட்ட அதே நீதிபதி, வாசகம் மாறியதும் இங்கே அதற்குக் கட்டுப்படுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவர் வேலை செய்த விதம் புரியும்.

கேள்வி: நிர்வாகியாக எப்படி?

கலவை. நீதிமன்ற அறைக்குள் கேமராவைச் சோதனையாக அனுமதித்தது அவர் காலத்தில். கீழ் நீதிமன்றங்களிலிருந்து நீதிபதிகளைத் தற்காலிகமாக உச்ச நீதிமன்றத்தில் உட்காரவைத்தார், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் கொடுத்தார். ஆனால் யாரையும் எளிதில் நம்பமாட்டார், நெருங்கிய சில ஊழியர்களோடு மட்டுமே இருப்பார் என்ற புகார் நண்பர்களிடமிருந்தும் வந்தது. 1976லேயே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, அது திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பத்து வருடமும் அந்த நோயோடுதான் வேலை பார்த்தார்.

கேள்வி: 1986ல் ஏன் தோற்றார்?

கவர்னராக ஜார்ஜ் டியூக்மேஜியன் வந்திருந்தார், 1977 மரண தண்டனைச் சட்டத்தை எழுதியவரே அவர்தான். கொலையுண்டவர்களின் பெற்றோர் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து பேசினார்கள். அந்த வலி நிஜம், அதற்கு எதிராக ஜூரி அறிவுரை, அரசியல் சட்டப் பிரிவு என்று யார் பேசினாலும் எடுபடாது. ரோஸ் பேர்ட் தேர்தல் ஆலோசகர்களை விலக்கிவிட்டுத் தானே பிரசாரத்தை நடத்தினார், விளம்பரத்தில் நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேசினார். எதிர்த்தரப்பு, அவர் ரத்து செய்ய வாக்களித்த மரண தண்டனைகளின் எண்ணிக்கையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

நவம்பர் 4 அன்று மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் வேண்டாம் என்றார்கள். அவரோடு க்ரூஸ் ரெய்னோசோவும் ஜோசப் க்ரோடினும் போனார்கள். ரெய்னோசோ அந்த நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்க நீதிபதி. இந்த இருவரும் சில வழக்குகளில் மரண தண்டனையை உறுதி செய்யவும் வாக்களித்தவர்கள், அதனால் எனக்கு இது இன்னும் வருத்தம். அதே வாக்குச்சீட்டில் இருந்த ஸ்டான்லி மோஸ்க் உட்பட மற்ற மூவர் தப்பினார்கள்.

கேள்வி: பெண் என்பதாலா?

அது மட்டுமே காரணம் என்றால் பொய். ஆனால் அவருடைய தலைமுடி அலங்காரம் மாறியதைச் செய்தியாக்கினார்கள். எந்த ஆண் தலைமை நீதிபதிக்கும் இது நடந்ததில்லை.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும். பெரிய சட்ட நிறுவனம் எதுவும் அழைக்கவில்லை. தொலைக்காட்சியில் கொஞ்ச நாள் கருத்துரை, ஆஸ்திரேலியாவில் கொஞ்ச நாள் பாடம். பாலோ ஆல்டோவில் அம்மாவோடு வாழ்ந்தார். பக்கத்து ஊரான கிழக்கு பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான இலவசச் சட்ட மையத்துக்குத் தன்னார்வலராகப் போய், அங்கே காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்தார். அவர் யார் என்று அங்கிருந்தவர்களுக்கு முதலில் தெரியவில்லை. 1999 டிசம்பர் 4 அன்று புற்றுநோயால் இறந்தபோது வயது 63.

கேள்வி: அவர் போனதும் மரண தண்டனைகள் நிறைவேறினவா?

மால்கம் லூகஸ் தலைமையில் வந்த புதிய பெரும்பான்மை, தண்டனைகளைப் பெரும்பாலும் உறுதி செய்தது, கார்லோஸ் தீர்ப்பையும் 1987ல் மாற்றியது. ஆனாலும் முதல் மரண தண்டனை நிறைவேறியது 1992ல், அதே ஹாரிஸ். 2006 ஜனவரிக்குப் பிறகு யாரும் இல்லை, மொத்தம் 13 பேர்தான். 2019ல் கவர்னர் கேவின் நியூசம் நிறுத்திவைத்தார்.

கேள்வி: வேறு நீதிபதிகளுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் அதற்குப் பின் யாரும் தோற்கவில்லை. டென்னசியில் 1996ல் பென்னி வைட் தோற்றார், அங்கேயும் மரண தண்டனை வழக்குதான். 2010ல் அயோவாவில் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்காக மூன்று நீதிபதிகள் போனார்கள், அதில் தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸும் ஒருவர்.

கேள்வி: கலிபோர்னியாவில் அவர் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?

கலிபோர்னியா பெண் வழக்கறிஞர் சங்கம் அவர் பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது. அவருக்குப் பிறகு இன்னொரு பெண், டானி கான்டில்-சகாவுயே, தலைமை நீதிபதி நாற்காலிக்கு வந்தது 2011ல். இப்போது அங்கே இருப்பவர் பட்ரீசியா குரேரோ, விவசாயக் கூலி வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தின் மகள்.